கணக்கா, விலங்கியலா? ஒரு ஜியாலஜி மாணவிக்குப் பதில்

கேள்வி: மேடம், வணக்கம். சேலம் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. ஜியாலஜி முதலாமாண்டு முடிக்கப்போகிறேன். முதல் வருஷம் அலைடு பாடம் கெமிஸ்ட்ரி. அடுத்த வருஷத்துக்குக் கணக்கு, விலங்கியல் இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். பிளஸ் டூவில் கணக்கில் தட்டுத்தடுமாறித்தான் பாஸ் ஆனேன். ‘விலங்கியல் எடு, மார்க் அள்ளலாம், புதைபடிவப் பாடத்துக்கும் உதவும்’ என்கிறார்கள் சீனியர்கள். ஐந்தாம், ஆறாம் செமஸ்டர் எலெக்டிவ் பட்டியலில் ரிமோட் சென்சிங் – ஜிஐஎஸ், நிலத்தடி நீரியல், சுரங்க ஜியாலஜி, பெட்ரோலிய ஜியாலஜி இருக்கின்றன. கம்பெனி வேலைக்குப் போக எதை எடுக்கலாம்? எம்.எஸ்சி. கட்டாயமா? அப்பா லாரி டிரைவர். மூன்று வருஷத்தில் வேலைக்குப் போய்விடுவேன் என்று சொல்லித்தான் இதில் சேர்ந்தேன். ‘பொம்பளப் பிள்ளைக்குச் சுரங்கத்தில் என்ன வேலை’ என்று சொந்தக்காரர்கள் வேறு கேட்கிறார்கள்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்றே தெரிந்திருக்காது. தப்பு அவர்கள் மேல் இல்லை. பள்ளிக்கூடத்தில் ‘புவியியல்’ என்றால் ஜியாக்ரபி. அதே ‘புவியியல்’ அரசின் ‘புவியியல் மற்றும் சுரங்கத்துறை’ போர்டில் பாறை, கனிமம் பற்றிய ஜியாலஜி ஆகிவிடுகிறது. நான் எம்.எஸ்சி. முடிக்கும்வரை என் பாட்டி ஊரெல்லாம் ‘பேத்தி மேப் டீச்சருக்குப் படிக்கிறாள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் குழப்பத்துக்குப் பயந்தே நான் பேச்சிலும் எழுத்திலும் ஜியாலஜி என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. அதை எடுங்கள்.

காரணத்தை ஒரு கணக்காகவே சொல்கிறேன். ஒரு குவார்ட்ஸ் நரம்பு, அதாவது பாறைக்குள் ஓடும் கனிமப் பட்டை, 60 டிகிரி சாய்ந்து பூமிக்குள் இறங்குகிறது. நீங்கள் செங்குத்தாக போர் போட்டால் கோரில், அதாவது டிரில் வெட்டி எடுத்துவரும் உருளைப் பாறையில், அந்த நரம்பு 12 மீட்டர் நீளத்துக்கு வரும். பார்த்ததும் மனசு துள்ளும். ஆனால் நரம்பின் உண்மையான தடிமன் 12 பெருக்கல் காஸ் 60, அதாவது 6 மீட்டர்தான். நரம்பு நீளவாக்கில் 200 மீட்டர், சாய்வு வழியே 100 மீட்டர், அடர்த்தி கனமீட்டருக்கு 2.7 டன் என்று வைத்துக்கொண்டால் 3,24,000 டன் வரும். தடிமனைத் திருத்த மறந்தவர் 6,48,000 டன் என்று எழுதிக்கொடுப்பார். இரண்டில் எதை நம்பி ஒரு கம்பெனி பணம் போடலாம் என்று சொல்வதுதான் உங்கள் வேலை. இதில் இருப்பதெல்லாம் பத்தாம் வகுப்பு முக்கோணவியல். நீங்கள் பிளஸ் டூவில் பயந்த கணக்கு வேறு, தொழிலில் தேவைப்படும் கணக்கு வேறு. முக்கோணவியல், மடக்கை, கொஞ்சம் கால்குலஸ், நிறைய புள்ளியியல், இவ்வளவுதான். தாதுவின் தரத்தை மதிப்பிட இன்று உலகமெங்கும் பயன்படும் ‘கிரிகிங்’ முறை தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிக் என்பவரின் பெயரில் வழங்குகிறது. அவர் தொடங்கிவைத்ததும் புள்ளியியலில்தான்: சில போர்களில் கிடைத்த தங்கத்தின் அளவை வைத்து, போர் போடாத இடத்தில் எவ்வளவு இருக்கும் என்று சொல்வது எப்படி?

விலங்கியல் வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் புதைபடிவப் பாடத்துக்காக அதை எடுப்பது, கல்யாணச் சமையல் கற்க நெல் விதைக்கப் போவது மாதிரி. அம்மோனைட், பெலெம்னைட், ஃபோராமினிஃபெரா என்ற புதைபடிவ உயிரினங்கள் எல்லாவற்றுக்கும் வேண்டிய விலங்கியலை ஜியாலஜி ஆசிரியரே சொல்லிக்கொடுத்துவிடுவார். இன்னொன்றும் உண்டு. ஜாம் தேர்வு எழுதி ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர நினைத்தால், ஜியாலஜியோடு வேறு எந்தெந்தப் பாடங்கள் படித்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக நிபந்தனை வைக்கும். கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் என்ற பெயர்கள் அதில் வரும். அதை விண்ணப்பிக்கும் வருஷத்தில் படித்துத் திகைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் இந்த வாரமே, அலைடு பாடத்துக்குப் பெயர் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்.

மார்க் குறையுமே என்பீர்கள். குறையட்டும். அரியர் மட்டும் வைக்காதீர்கள்.

எலெக்டிவ் விஷயத்தில் நான் சொல்லப்போவது உங்கள் துறைத் தலைவருக்குப் பிடிக்காமல் போகலாம். கல்லூரியில் மட்டுமே கற்கக்கூடியது எதுவோ, அதற்குத்தான் கல்லூரி நேரத்தைச் செலவிட வேண்டும். மற்றதைச் சாயங்காலங்களில் நீங்களே கற்றுக்கொள்ளலாம். இதை வைத்துப் பார்த்தால் உங்கள் பட்டியலின் வரிசையே மாறிவிடும்.

கணினியில் வரைபடம் போடும் ஜிஐஎஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். எல்லோரும் அதை எடுக்கச் சொல்கிறார்கள், வேலை விளம்பரங்களிலும் அது வருகிறது. கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் க்யூஜிஐஎஸ் இலவச மென்பொருள். லேண்ட்சாட், சென்டினல் செயற்கைக்கோள் படங்கள் இலவசம். இந்தியப் புவியியல் ஆய்வு மையமான ஜிஎஸ்ஐயின் ‘பூகோஷ்’ தளத்தில் உங்கள் மாவட்டத்தின் ஜியாலஜி வரைபடமே கிடைக்கிறது. டேராடூனில் இருக்கும் இந்திய ரிமோட் சென்சிங் நிறுவனமான ஐஐஆர்எஸ் இணையவழிப் பயிற்சி நடத்துகிறது. சுமாரான ஒரு லேப்டாப்பும் மூன்று மாதச் சாயங்காலங்களும் போதும். ‘நான் முதல்வன்’ திட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு இந்தப் பயிற்சி வந்தால் அங்கேயே முடித்துவிடலாம். நல்ல லேபும் சொல்லிக்கொடுக்க ஆளும் இருக்கும் கல்லூரி என்றால் எலெக்டிவாகவும் எடுங்கள். லேப் பூட்டியே கிடந்து, ரிமோட் சென்சிங்கின் வரையறையை ஐந்து மார்க்குக்கு எழுதவைக்கும் கல்லூரி என்றால் தயவுசெய்து வேண்டாம்.

மைக்ரோஸ்கோப் அப்படியில்லை. பாறையை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த சீவலை, துருவ ஒளியில் வைத்து மேடையைச் சுழற்றி, இது பிளாஜியோகிளேஸ், இது ஹைப்பர்ஸ்தீன் என்று கனிமத்தின் பெயரைச் சொல்லும் பழக்கம் யூடியூபில் வராது. பக்கத்தில் நின்று ‘இன்னொரு தடவை பாரும்மா’ என்று சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும். பாறைகளின் மடிப்பையும் முறிவையும் படிக்கும் ஸ்ட்ரக்சுரல் ஜியாலஜியும் அப்படித்தான். கைக்குள் அடங்காத ஒரு மடிப்பை மலையில் நின்று கண்டுபிடிக்க வேண்டும், பக்கத்தில் நிற்பவர் ‘இல்லை, தப்பு’ என்று சொல்ல வேண்டும். இந்த இரண்டும் உங்களுக்குக் கட்டாயமான கோர் பாடங்களாகத்தான் வரும். அதனாலேயே பலரும் பாஸ் ஆனால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். எலெக்டிவ் பற்றி ஒரு கடிதமே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கவலையில் முக்கால்வாசியை இந்த இரண்டு கோர் பாடங்களுக்குக் கொடுங்கள்.

என் முதல் வேலை ராஜஸ்தானில், கோர் ஷெட்டில். டிரில்லிலிருந்து வரும் உருளைப் பாறைகளைப் பெட்டியில் அடுக்கி, மீட்டருக்கு மீட்டர் விவரம் எழுத வேண்டும். அதுதான் லாகிங். முதல் நாள் பெருமையாக ‘சாம்பல் நிறம், கடினமான பாறை’ என்று எழுதிக்கொடுத்தேன். சீனியர் படித்துவிட்டு, ‘வாசல் படிக்கல்லும் சாம்பல் நிறம்தான், கடினம்தான். அதையும் எழுதிவிடலாமா?’ என்றார். அப்புறம் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார்: மணிகளின் அளவு, எந்தக் கனிமம் எத்தனை சதவீதம், தளங்கள் கோரின் அச்சோடு என்ன கோணத்தில் வெட்டுகின்றன, பாறை மாற்றம் அடைந்திருக்கிறதா, சல்ஃபைடு கனிமம் பரவலாக இருக்கிறதா, நரம்பாக இருக்கிறதா. இதில் ஒன்றுகூட எலெக்டிவ் பாடம் இல்லை, எல்லாம் இரண்டாம் வருஷப் பாடம். நான் அப்போது அதில் 71 மார்க் வாங்கிவிட்டு மறந்திருந்தேன்.

பதினைந்து வருஷமாகச் சென்னையில் அஸ்திவார ஆய்வும் நிலத்தடி நீரும் பார்க்கிறேன். வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். மேஜையில் ஒரு கோர் பெட்டியை வைப்பேன். 150 சென்டிமீட்டர் டிரில் செய்ததில் கிடைத்த துண்டுகள் 32, 18, 9, 24, 7, 14 சென்டிமீட்டர், மீதி நொறுங்கல். பாறை எவ்வளவு உறுதி என்று காட்டும் ஆர்க்யூடி சதவீதம் எவ்வளவு? பத்து சென்டிமீட்டருக்கு மேலுள்ள துண்டுகளை மட்டும் கூட்டினால் 88. அதை 150 ஆல் வகுத்தால் 59 சதவீதம். சுமார் ரகப் பாறை. அரை நிமிஷக் கணக்கு. சிலர் சொல்லிவிடுவார்கள். நான் காத்திருப்பது அதற்குப் பிறகு வரும் கேள்விக்காக: ‘மேடம், இந்த உடைப்பு பாறையிலேயே இருந்ததா, டிரில் பண்ணும்போது உடைந்ததா?’ அதைக் கேட்கிற பிள்ளைக்கு அங்கேயே வேலை. புதுசாக உடைந்த முகம் பளிச்சென்று இருக்கும். பூமிக்குள்ளேயே பிளந்திருந்தது என்றால் துருக்கறையோ களிமண் படிவோ இருக்கும். இதைக் கவனிக்கும் கண், கல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வரும்.

சரி, எலெக்டிவுக்கு வருவோம். இரண்டு எடுக்கலாம் என்றால் நிலத்தடி நீரியலை முதலில் எழுதுங்கள். தமிழ்நாட்டின் முக்கால்வாசி நிலப்பரப்புக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. அதில் தண்ணீர் விரிசல்களிலும் சிதைந்த மேலடுக்கிலும் மட்டும்தான். தேங்காயும் வேப்பங்குச்சியும் வைத்துப் பார்ப்பவர்களுக்குப் போகும் பணம், நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தித் தண்ணீர் தேடும் மின்தடை ஆய்வைச் சரியாகச் செய்யத் தெரிந்தவருக்கு வந்தால் விவசாயிக்கும் நல்லது. தண்ணீர் எடுக்கும் ஆலைகளுக்கு அனுமதி வாங்க நீரியல் அறிக்கை வேண்டும். சுற்றுச்சூழல் ஆய்வு செய்யும் கன்சல்டன்சிகளுக்கு அங்கீகாரம் தரும் நேபெட், நீரியலுக்கும் ஜியாலஜிக்கும் தனித்தனி நிபுணர்களைக் கேட்கிறது. சுரங்கம் என்றாலும் தண்ணீரை விட்டுத் தப்பிக்க முடியாது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீர்த்தாங்கியிலிருந்து இடைவிடாமல் பம்ப் செய்துகொண்டே இருந்தால்தான் மேலே வெட்ட முடியும். பம்ப்பை நிறுத்தினால் தரையே மேலே பொங்கும். வீட்டுக்கு 20 கிலோமீட்டருக்குள் தொழில் கிடைக்கக்கூடிய ஜியாலஜிப் பிரிவு, எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான்.

இரண்டாவதாகச் சுரங்க ஜியாலஜி. சேலத்தில் இருந்துகொண்டு அதை விட்டால் பாவம்.

பெட்ரோலியத்தை இப்போதைக்கு விடுங்கள். காவிரிப் படுகை நம் பக்கத்திலேயே இருக்கிறது, காரைக்காலில் ஓஎன்ஜிசி இருக்கிறது, ஆசை வருவது இயல்புதான். ஆனால் 2014 நடுவில் ஒரு பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்குக் கீழே போனது. அந்த இரண்டு வருஷத்தில் வேலையிழந்த ஜியாலஜிஸ்ட்கள் என் வகுப்பிலேயே உண்டு. விலை ஏறும்போது படிக்கச் சேர்ந்து இறங்கும்போது வெளியே வருவது இந்தத் தொழிலின் பழைய சாபம். இப்போது எல்லோரும் லித்தியம், அரியமண் தனிமங்கள் என்கிறார்கள். 2023இல் மத்திய அரசு 30 கனிமங்களை முக்கியக் கனிமங்கள் என்று பட்டியலிட்டது, 2025 ஜனவரியில் அதற்கென ஒரு தேசிய இயக்கத்துக்கும் ஒப்புதல் தந்தது. நல்லதுதான், வேலைகளும் வரும். ஆனால் நீங்கள் எம்.எஸ்சி. முடிக்கும்போது எந்தக் கனிமத்தின் காற்று அடிக்கும் என்று எனக்கும் தெரியாது, அமைச்சகத்துக்கும் தெரியாது. படிவுப்பாறையியலையும், பாறை அடுக்குகளின் வரிசையைப் படிக்கும் ஸ்ட்ராடிகிராஃபியையும் ஒழுங்காகப் படித்து வைத்தால் பெட்ரோலியத்துக்கு அப்புறமும் போகலாம். பெட்ரோலியம் எலெக்டிவ் மட்டும் படித்தவர் அந்த இரண்டையும் அப்புறம் பிடிப்பது கஷ்டம்.

எம்.எஸ்சி. கட்டாயமா என்று கேட்டீர்கள். கிட்டத்தட்ட ஆமாம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வது உங்களுக்குச் செய்யும் துரோகம். ஜிஎஸ்ஐயிலும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலும் ஜியாலஜிஸ்ட் ஆக யூபிஎஸ்சி நடத்தும் கம்பைண்டு ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வுக்கு முதுநிலைப் பட்டம் வேண்டும், வயது 21 முதல் 32 வரை. தனியார் சுரங்கங்களிலும் சட்டப்படி நியமிக்கும் ஜியாலஜிஸ்டுக்கு எம்.எஸ்சி. கேட்பார்கள். குவாரிகளுக்குச் சுரங்கத் திட்டம் தயாரித்துக் கையெழுத்துப் போட, முதுநிலைப் பட்டமும் சில வருஷ அனுபவமும் வேண்டும்.

பி.எஸ்சி.யோடு நின்றால் வேலையே இல்லை என்று அர்த்தமில்லை. மாதிரி எடுப்பவர், கோர் ஷெட் உதவியாளர், ஜிஐஎஸ் டிஜிட்டைசிங், குவாரி கன்சல்டன்சி அலுவலகம் என்று கிடைக்கும். எண்ணெய்க் கிணறுகளில் மட் லாகிங் வேலைக்குச் சில கம்பெனிகள் பி.எஸ்சி.யையும் எடுக்கும். மட் லாகிங்கில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கணக்கு ஏன் என்ற கேள்விக்கு இன்னொரு பதிலும் கிடைத்துவிடும். டிரில்லின் முனையான பிட் இப்போது 2,500 மீட்டரில் வெட்டும் துகள் சேற்றோடு மேலே வந்துசேர ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். அதற்குள் பிட் இன்னும் கீழே போயிருக்கும். கையிலிருக்கும் துகள் எந்த ஆழத்தைச் சேர்ந்தது என்று குழாய்க்கும் கிணற்றுச் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியின் கன அளவையும் பம்ப் தள்ளும் அளவையும் வைத்துக் கணக்கிட வேண்டும். அதில் தப்பினால் எண்ணெய் இருக்கும் அடுக்கை இல்லாத ஆழத்தில் குறித்துவிடுவீர்கள். ஒரு மாதம் கடலில், ஒரு மாதம் வீட்டில் என்று போகும் பிழைப்பு அது. இளவயதில் தாங்கும்.

ஆக, அப்பாவிடம் இப்படிப் பேசிப் பாருங்கள்: ‘மூணு வருஷத்துல வேலைக்குப் போறேன்ப்பா. ஆனா அதோட நிக்காது. ஒண்ணு ரெண்டு வருஷம் சம்பாதிச்சுட்டு எம்.எஸ்சி. போவேன்.’ அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ என்றால் கட்டணம் தாங்கக்கூடிய அளவுதான். நடுவில் வேலை பார்த்துவிட்டு வரும் மாணவர்களுக்கு வகுப்பில் மற்றவர்களைவிட விஷயம் வேகமாகப் புரிகிறது என்பது நான் கண்கூடாகக் கண்டது. தாதுப் பொருளாதாரம், தாதுப் படிவைக் கணினியில் உருவாக்கிப் பார்க்கும் மாடலிங், சர்பேக், லீப்ஃப்ராக் மாதிரி விலை உயர்ந்த மென்பொருள்கள், இதெல்லாம் எம்.எஸ்சி.யிலோ வேலையிலோ பார்த்துக்கொள்ளலாம். கம்பெனிக்கு ஏற்ற படிப்பு என்று நீங்கள் தேடுவது உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. பி.எஸ்சி. அதற்கு அஸ்திவாரம் போடும் காலம். மேலே சொன்ன யூபிஎஸ்சி மெயின் தேர்வின் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு தாள்களில் இருப்பது ஸ்ட்ரக்சர், ஸ்ட்ராடிகிராஃபி, புதைபடிவம், கனிமவியல், மூன்று வகைப் பாறைகள். உங்கள் மூன்று வருஷக் கோர் பாடங்களேதான்.

சொந்தக்காரர்கள் கேட்டதற்கு வருகிறேன். அவர்கள் சொல்வது ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. 1952ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டம் 46ஆவது பிரிவு, பெண்களைத் தரைக்கடியில் வேலைக்கு அமர்த்தக்கூடாது, மேலே என்றாலும் காலை 6 முதல் மாலை 7 வரைதான் என்றது. 2001இல் ஒரு சுரங்கத்துக்கு நேர்காணலுக்குப் போனேன். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். கடைசியில் ‘ரிசல்ட் நல்லா இருக்கும்மா, ஆனா உங்களைக் கீழே இறக்க முடியாதே’ என்று டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த டீயின் சூடு இன்னும் நாக்கில் இருக்கிறது. 2019 ஜனவரியில் வந்த அறிவிப்பு இதை மாற்றியது. தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளில் பெண்கள் பகலில் தரைக்கடிச் சுரங்கத்தில் இறங்கலாம், திறந்தவெளிச் சுரங்கத்தில் இரவு ஷிப்டும் பார்க்கலாம் என்றது அது. எழுத்துமூலமான சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடுகளும் அதில் நிபந்தனை. ஆக, ‘பொம்பளப் பிள்ளைக்கு என்ன வேலை’ என்று கேட்டால், ‘ஜியாலஜிஸ்ட் வேலை’ என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

ஆனால் சட்டம் மாறியதால் கேம்ப்பில் கழிப்பறை முளைத்துவிடாது. வேலைக்குச் சேரும் முன் தங்குமிடம், வண்டி, இரவில் யார் கூட வருவார்கள், பக்கத்து மருத்துவமனை எங்கே என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கும் கம்பெனிக்குப் போகாதீர்கள்.

கோடை விடுமுறைகளை வீணாக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் ஒரு வேலையே கொடுக்கிறேன். சேலம் மாணவர்களுக்குத் தங்கள் அதிர்ஷ்டம் தெரிவதில்லை. வடக்கே சுண்ணாம்புக்கரடு என்று ஊர் சொல்லும் வெள்ளைக் குன்றுகள் மேக்னசைட் தாது. ஏற்காட்டின் தலையில் பாக்சைட். தெற்கே நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட் பாறை. நிலவின் மண்ணைப் போலச் செய்து சந்திரயானின் லேண்டரைச் சோதிக்க இஸ்ரோ அங்கிருந்துதான் பாறை எடுத்துப் போனது. மேற்கே கஞ்சமலையில் காந்த இரும்புத் தாது கலந்த மாக்னடைட் குவார்ட்சைட் அடுக்கடுக்காக மடிந்து கிடக்கிறது. வெளிநாட்டு ஜியாலஜிஸ்ட்கள் விமானம் ஏறி வந்து பார்க்கிற பாறைகளுக்கு உங்கள் ஊர் டவுன் பஸ் போகிறது.

ஒரு மலையைத் தேர்ந்தெடுத்து, இரண்டு சதுர கிலோமீட்டருக்கு மேல் போகாமல், ஜியாலஜி வரைபடம் ஒன்றை நீங்களே போடுங்கள். தோழி ஒருத்தியைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். குவாரி, காட்டு எல்லை எதுவானாலும் அனுமதி கேட்டுவிட்டுத்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஜிபிஎஸ் எண், பாறையின் பெயர், அடுக்கு ஓடும் திசையான ஸ்ட்ரைக், அதன் சாய்வான டிப், ஒரு கைப்படம், ஒரு சிறு துண்டு. வீட்டுக்கு வந்ததும் எக்செல்லில் ஏற்றி, க்யூஜிஐஎஸ்ஸில் புள்ளிகளைப் போட்டு, நடுவில் ஒரு கோடு கிழித்துக் கீழே என்ன இருக்கும் என்று குறுக்குவெட்டு வரையுங்கள். பத்துப் பக்கம் அறிக்கை எழுதுங்கள். கல்லூரியில் வருஷாவருஷம் போகும் ஃபீல்டு டூரில் ஐம்பது பேர் ஒரே பாறையைச் சுத்தியால் தட்டிவிட்டு, ஒருவர் நோட்டைப் பார்த்து மற்றவர் எழுதுவது எல்லோருக்கும் தெரியும். நான் நேர்காணலில் மார்க் பட்டியலைப் புரட்டுவது ஒரு நிமிஷம். ஒரு பிள்ளை தானாகப் போட்ட மேப்பைக் கொண்டுவந்தால் அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பேன்.

எக்செல் என்றதும் சாதாரணமாக நினைக்காதீர்கள். இந்தத் தொழிலில் பாதி நாள் அதில்தான் கழிகிறது. எந்த ஆழத்திலிருந்து எந்த ஆழம்வரை என்ற இரண்டு பத்திகளில் ஒரு மீட்டர் இடைவெளி விட்டாலும், ஒரே மீட்டரை இரண்டு முறை எழுதினாலும் கணிப்பே தப்பாகிவிடும். மாதிரி எடுப்பதிலும் அதே கறார் வேண்டும். கோரை நீளவாக்கில் அறுத்து, பாதியை ஆய்வகத்துக்கு அனுப்பி, பாதியைப் பெட்டியில் பத்திரப்படுத்துவது மரபு. இந்தோனேசியாவின் பூசாங்கில் பிரி-எக்ஸ் என்ற கனடா கம்பெனி அந்தப் பாதியை வைக்காமல் கோர் முழுவதையும் நொறுக்கியது. நொறுக்கிய மாதிரிகளில் தங்கத்தூள் கலக்கப்பட்டிருந்தது 1997இல் வெளிவந்தபோது, பணம் போட்டவர்கள் கோடிக்கணக்கில் இழந்தார்கள். அதன் பிறகுதான், 2001இல், தகுதியுள்ள ஜியாலஜிஸ்ட் பெயர் போட்டுப் பொறுப்பேற்காமல் தாதுக் கணிப்பை வெளியிடக்கூடாது என்று கனடா விதி செய்தது. ஆஸ்திரேலியாவின் ஜோர்க் விதிமுறையில் அப்படிக் கையெழுத்துப் போட, சம்பந்தப்பட்ட வகைத் தாதுவில் குறைந்தது ஐந்து வருஷ அனுபவம் வேண்டும். நம் நாட்டிலும் முதல்கட்ட ஆய்வான ஜி4இலிருந்து விரிவான ஜி1 வரை படிப்படியாகத்தான் ஆய்வு போகும், ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு போர், எவ்வளவு மாதிரி என்று கணக்கு உண்டு. சுரங்க ஜியாலஜி எலெக்டிவில் இந்த ஜி4, ஜி3 எல்லாம் மனப்பாடமாக வரும். வெறும் எழுத்தும் எண்ணுமாகப் படிக்காமல், ஒவ்வொன்றிலும் யாருடைய பணம் எவ்வளவு இறங்குகிறது என்று ஆசிரியரிடம் கேட்டுப் படியுங்கள்.

முதல் மேப்புக்குக் கஞ்சமலையைத்தான் எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன், பக்கம் என்பதால். ஒரு விஷயம். மாக்னடைட் அடுக்கின் மேல் நின்று காம்பஸைப் பார்க்காதீர்கள், முள் பாறையின் பக்கம் திரும்பிப் பொய் சொல்லும். தள்ளி நின்று, தெரிந்த கோயில் கோபுரத்தையோ செல்போன் டவரையோ குறிவைத்து, கிடைக்கும் கோணத்தை மேப்பில் சரிபார்த்த பிறகுதான் ஸ்ட்ரைக் எடுக்க வேண்டும். எந்த நிறுத்தத்தில் எத்தனை டிகிரி விலகியது என்பதையும் நோட்டில் தனியாக ஒரு பத்தி போட்டு எழுதிவாருங்கள். அந்தப் பத்தியை வைத்தே மண்ணுக்கடியில் மறைந்த அடுக்கு எங்கே போகிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். மேப் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள்.